முன்தட்டியும் பத்தாம் எண் கூண்டும்

குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்கு ஒரு கணம் முன்னால் கிளாடிஸின் காதுக்குப் பின்னால் மெல்லிய தட்டு ஒன்று விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்காமலே அடுப்பை அணைத்தாள். விசில் அதன் பிறகுதான் வந்தது. வந்ததும் பாதியிலேயே அடங்கிவிட்டது.

தூத்துக்குடியில் இப்போதெல்லாம் யாரும் எதற்கும் திடுக்கிடுவதில்லை. முன்தட்டி வந்த பிறகு அந்தப் பழக்கமே போய்விட்டது. புளியங்கொட்டை அளவுள்ள அந்தக் கருவியைக் காதுக்குப் பின்னால், எலும்பின் மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். சுற்றிலும் நடப்பதைக் கேட்டு, அடுத்த ஒலி எப்போது விழும் என்று கணக்கிட்டு, அதற்குச் சற்று முன்னால் எலும்பில் ஒரு தட்டு தட்டும். உறுதியாகத் தெரியாவிட்டால் தட்டாது. இதனால் பஸ் பிரேக் போடுமுன்பே நிற்பவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்கள் குரல் கொடுக்காமலே ஒன்றாகத் தூக்கினார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச வாயெடுத்து, "நீங்க சொல்லுங்க" என்று தயங்கி நிற்பது அடியோடு ஒழிந்தது. மேடையில் நகைச்சுவை பேசிப் பிழைத்தவர்கள் மட்டும் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. கடைசி வார்த்தைக்கு முன்பே சபை சிரித்து முடித்துவிடுகிறது.

கிளாடிஸ் டிரம்ஸ் வாசிப்பவள். அவளுடைய குழுவுக்கு 'பத்தாம் எண் கூண்டு' என்று பெயர். பெரும்புயல் நேரத்தில் துறைமுகத்தில் ஏற்றுகிற எச்சரிக்கையின் பெயர்தான் அது. பழைய வீடியோ கேம்களின் இசையை மெட்டல் பாணியில் இடிபோல வாசிப்பது அவர்கள் வேலை. அவள் தம்பி செல்வின் கிட்டார். பகலில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் முத்துமாலை பேஸ் கிட்டார்.

அன்று, அவர்கள் வாசிக்கும் அரங்கத்தின் மேலாளர் ஐசக் போனில் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒளிவு மறைவு இல்லாம சொல்லுதேன். போன வாரமும் சனங்க பாதியில எந்திச்சிப் போயிட்டாவ. கேட்டா, நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுதாவ. நல்லா இருந்தா ஏன் போறாவன்னு எனக்கு விளங்கல."

"எனக்கு விளங்குது சார்."

"விளங்கினா சரி. வர்ற சனிக்கிழமையும் இப்படின்னா, இனிமே மேடையில ஆள் வச்சு டிரம்ஸ் கிடையாதுன்னு அரங்கக் கமிட்டியில முடிவு பண்ணிட்டாவ. பதிவைப் போட்டுவிட்ருவாவ."

ஊரில் ஆள் வாசிக்கும் மேடை அது ஒன்றுதான். அது போனால் கிளாடிஸ் தன் டிரம்ஸைத் துணி போட்டு மூடி வைக்க வேண்டியதுதான்.

அவளுக்கு விளங்கியது என்னவென்று இங்கே சொல்லிவிட வேண்டும். அவர்கள் அதிகம் வாசிப்பது 'பாதாள ரயில்' என்ற பழைய கேமின் மூன்றாம் கட்ட இசை. அந்தக் காலத்துக் கருவியால் ஒரே நேரத்தில் மூன்று ஸ்வரங்களுக்கு மேல் ஒலிக்க முடியாது. ஆகவே அதை அமைத்தவர் ஒலிகளை அடுக்காமல் இடங்களை மாற்றினார். ரயில் சக்கரம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சீராக ஓடும். மெட்டு அந்த எண்களின் மேல் உட்காராமல் எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே விழும். மெட்டலில் இது இன்னும் கடுமை. கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து அந்த நடு இடத்தில் ஓங்கி அடித்துவிட்டு, எண் வரும் இடத்தைக் காலியாக விட்டுவிடும். இதற்கு இடையடி என்று பெயர். இருட்டில் படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைக்கிறோம், படி இல்லை. வயிற்றில் ஒரு கணம் ஏதோ நழுவுகிறது. இடையடியின் சுகம் அந்த நழுவல்தான். கேட்பவர் மனதில் தாளம் ஓட வேண்டும், அது ஏமாறவும் வேண்டும்.

முன்தட்டி யாரையும் ஏமாறவிடுவதில்லை. அடி எங்கே விழுகிறதோ அங்கே முன்கூட்டியே தட்டிவிடுகிறது. சபையில் முந்நூறு பேரும் மிகச் சரியாகத் தலையசைக்கிறார்கள். பிறகு எழுந்து போய்விடுகிறார்கள்.

மறுநாள் மாலை, பழைய ஐஸ் பாக்டரியில் ஒத்திகைக்குக் கூடியபோது செல்வின் ஒரு யோசனை சொன்னான். "அக்கா, ஒவ்வொரு சுற்றுக்கும் அடியை மாத்திருவோம். கருவிக்குப் பிடிபடாது."

"போன வாரம் அதைத்தாம்ல செஞ்சேன். கடைசிச் சுற்றுல, அந்த நேரத்துல என் மனசுல என்ன தோணிச்சோ அதை அடிச்சேன். அதுக்கும் சரியாத் தலையை ஆட்டுதானுவ."

முத்துமாலை பேஸ் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். "நீ அடிக்கப்போறது உனக்கே அப்பத்தான் தெரியும்?"

"ஆமாண்ணே."

"செல்வினுக்குச் சொல்லல?"

"சொல்ல எங்க நேரம்."

"அப்ப உன்னைத் தவிர வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டவர், தன் காதுக்குப் பின்னால் விரலை வைத்துக் காட்டினார். "நாங்க ரெண்டு கிரேன் எதிரெதிரா நிக்கும்போது, என்னுது எதிர்க் கிரேன்காரனுதைக் கேட்டுத்தான் தட்டும். கை தசை இறுகும்போதே தெரிஞ்சிருமாம். இதுக ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிடும்லா. நீ அடிக்குமுன்னாடி உன் காதுல இருக்கிறது ஊருக்கே சொல்லிருது."

கிளாடிஸும் செல்வினும் தங்கள் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தார்கள். தாங்களும் அதை மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அத்தனை நாளும் அவர்களுக்குத் தோன்றவே இல்லை. காலில் செருப்பு இருப்பதை யார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்?

"சவத்தைக் கழத்தி எறிங்க," என்றாள் கிளாடிஸ்.

கழற்றினார்கள். 'பாதாள ரயில்' தொடங்கியது. நான்கு சுற்றுக்குள் நின்றது. செல்வின் முந்திக்கொண்டு ஓடினான். முத்துமாலை பின்தங்கினார். கிளாடிஸின் நிலைமைதான் மோசம். இடையடிக்கு அடியில் ஓட வேண்டிய சீரான எண்ணிக்கையை அவள் வலது கால்தான் பிடித்துவைக்கும். அந்தக் கால் இப்போது தானாக இறங்காமல் தட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"எக்கா, இடையடின்னா ரெண்டு எண்ணுக்கு நடுவுல. நமக்கு எண்ணே இல்ல, நடு எங்கிட்டு இருக்கும்?" என்று செல்வின் சிரித்தான்.

"சிரிக்காதல. எண்ணு."

வாயால் எண்ணிக்கொண்டே வாசித்துப் பார்த்தார்கள். சனிக்கிழமை வரைக்கும் தேறவில்லை. மாட்டிக்கொண்டு போனால் சபை பாதியில் போகும் என்பது நிச்சயம். கழற்றிவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று தெரியாது. கிளாடிஸ் தெரியாததைத் தேர்ந்தெடுத்தாள்.

சனிக்கிழமை அவர்கள் வாசித்ததைக் கச்சேரி என்று அவளே சொல்ல மாட்டாள். 'பாதாள ரயில்' தொடங்கியதுமே செல்வின் ஒரு முழுச் சுற்று முன்னால் போய்விட்டான். அவனைப் பிடிக்கிற பதற்றத்தில் அவள் கை நழுவி, சிம்பலில் பட வேண்டிய குச்சி அதன் இரும்புக் காலில் பட்டது. பாட்டின் உச்சத்தில் முத்துமாலையின் விரலிலிருந்து, கம்பியை மீட்டும் பிக் கீழே விழுந்தது. அவர் குனிந்து தேடினார். மற்ற இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். எடுத்ததும் ஆளுக்கொரு இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

சபையில் முன்தட்டிகள் மௌனமாகிவிட்டன. மேடையில் இருப்பவர்களுக்கே தெரியாததை அவை எப்படிக் கணக்கிடும்? முந்நூறு பேரும் பல வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாக, அடுத்தது எப்போது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அடி விழுந்தபோதெல்லாம் உடல் தூக்கிப்போட்டது. ஒருவர் அலறினார். பிறகு எல்லோரும் அலறினார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை.

"என்ன லய ஞானம், தங்கச்சி!" என்று ஐசக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த நிப்பாட்டுன இடம் இருக்கே... எப்படி யோசிச்சிய?"

"பிக் விழுந்துட்டு," என்றார் முத்துமாலை.

"அடக்கத்தைப் பாரு," என்றார் ஐசக்.

அன்றைய கச்சேரியின் பதிவை நாடெங்கும் லட்சக்கணக்கானவர்கள் கேட்டார்கள். இரும்புக் காலில் பட்ட அடி ஏன் பதினோரு எண்ணிக்கைத் தாளத்தில் ஏழாவது இடத்தில் விழுகிறது என்று கட்டுரைகள் வந்தன. கமிட்டி அடுத்த மாதத்துக்கு இன்னொரு கச்சேரி கேட்டது.

கிளாடிஸுக்கு அந்தப் புகழ் உறுத்தியது. தவறுக்குக் கிடைத்த கைதட்டலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு மாதமும் முன்தட்டி இல்லாமல் மூவரையும் பயிற்சி செய்யவைத்தாள். சோறு பொங்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் காலால் எண்ணினாள். குக்கர் விசிலுக்கு இரண்டு தடவை பயந்து கரண்டியைப் போட்டாள். மெல்ல மெல்ல எண்ணிக்கை அவள் காலுக்குத் திரும்பி வந்தது. ஒருநாள் ஐஸ் பாக்டரியில் 'பாதாள ரயில்' தொடக்கம் முதல் முடிவு வரை சக்கரம் பிசகாமல் ஓடியது. ஒவ்வொரு இடையடியும் தன் நடு இடத்தில் விழுந்தது. செல்வின் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, "எக்கா, இப்பத்தான் எனக்கே இந்தப் பாட்டு புரியுது," என்றான்.

அடுத்த கச்சேரியில் அதையே வாசித்தார்கள். முதல் இடையடி விழுந்ததும் முன்வரிசையில் இருந்த ஒருவர் முன்னால் சரிந்து, பிடி கிடைக்காததுபோலத் தடுமாறினார். அவர் வயிற்றில் ஏதோ நழுவியிருக்க வேண்டும். இந்த முகத்துக்காகத்தானே இவ்வளவும் என்று கிளாடிஸ் நினைத்தாள். ஆனால் அந்த முகம் சுளித்தது. பக்கத்து முகமும் சுளித்தது. சபை முழுக்க முணுமுணுப்பு எழுந்தது.

பாட்டு முடிந்ததும் ஐசக் மேடையோரம் வந்தார்.

"என்ன தங்கச்சி, தப்புத் தப்பா வாசிக்கிய?"

"சார், இன்னிக்குத்தான் சரியா வாசிக்கோம்."

"அது உங்களுக்கு. சனங்க அந்தப் பதிவை ஆயிரம் தடவை கேட்டிருக்காவ. முன்தட்டி அந்த இடத்துல தட்டுது, நீங்க வேற இடத்துல அடிக்கிய. லட்சம் பேருக்குச் சரியாத் தட்டினது உங்களுக்குன்னு மட்டும் தப்பாத் தட்டுமா?"

"அந்தப் பதிவுல இருக்கிறதுதான் சார் தப்பு."

"எது தப்புன்னு சனங்க முடிவு பண்ணியாச்சு. பின்வரிசை எந்திக்குது பாருங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து மூன்று முன்தட்டிகளை எடுத்து நீட்டினார். "போன கச்சேரியை இதுல ஏத்தி வச்சிருக்கேன். அது தட்டுற இடத்துல அடிச்சாப் போதும். ஒண்ணும் யோசிக்க வேண்டாம்."

பின்வரிசையில் பாதி நாற்காலிகள் காலியாகியிருந்தன. செல்வின் அக்காவைப் பார்த்தான். கிளாடிஸ் டிரம்ஸைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி ஒன்றை வாங்கிக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள். மற்ற இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

'பாதாள ரயில்' மீண்டும் தொடங்கியது. செல்வின் ஒரு முழுச் சுற்று முன்னால் போனான், மிகச் சரியான இடத்தில். தட்டு விழுந்தது, நழுவ மறுத்த கையைக் கிளாடிஸ் வளைத்து இரும்புக் காலில் அடித்தாள். போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

உச்சத்தில் முத்துமாலைக்குத் தட்டு விழுந்தது. அவர் விரல்களை விரித்து, பிக்கைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்தார். கைதட்டல் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது.