இரண்டு கை ஊற்றிய தண்ணீர்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, காலை நீட்டி உட்காருங்கள். உங்களைப் போலவே அலுத்துப்போன இரண்டு பேரின் கதை சொல்கிறேன்.

அவள் ஆஸ்பத்திரி நர்ஸ், குடியிருப்பது மூன்றாம் மாடி. இரவு வேலை முடிந்து, வீங்கிய காலோடு படியேறி வரும் காலையில், மொட்டைமாடியில் யாரோ விட்டுப்போன லாவண்டர் செடிக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் படுப்பாள். வார்டில் எத்தனையோ உயிர் கைநழுவிப் போகிறது... இதுவாவது பிழைக்கட்டும்.

செடியோ அடியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

ஒருநாள் அவள் வேலை பகலுக்கு மாறியது. சாயங்காலம் மாடிக்குப் போனால்... இரண்டாம் மாடி பஸ் டிரைவர், யூனிஃபார்ம்கூட மாற்றாமல், அதே தொட்டியில் வாளியைச் சாய்த்துக்கொண்டிருந்தான்!

"நிறுத்துங்க! நீங்கதானா அதைக் கொல்றது?"

திரும்பினான். களைத்துச் சிவந்த கண்கள்... அதிலும் என்ன கனிவு!

"கொல்றேனா? தினம் தண்ணி ஊத்தறேங்க."

"நானும்தான் தினம் ஊத்தறேன்!"

அவன் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தான். சேறு. "அப்ப ரெண்டு பேருமா சேர்ந்துதான்..."

"என்னைச் சேர்க்காதீங்க. யாருக்கு எவ்வளவு குடுக்கணும்னு எனக்குத் தெரியும். நீங்க பஸ்ஸைப் பாருங்க!"

"சரிங்க நர்ஸம்மா. இனி நீங்களே பாத்துக்குங்க."

இறங்கிப் போய்விட்டான். சே, ஒரு வார்த்தை அதிகமாகிவிட்டதோ... வெட்கத்தில் அவள் அதற்குப்பின் மாடிப்பக்கமே போகவில்லை.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் கொட்டியது பாருங்கள் மழை! ஐயோ, செடி! ஓடினாள். அவனும் ஓடிவந்திருந்தான். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தொட்டியைப் படிக்கட்டுக் கூரைக்கடியில் இழுத்தார்கள். பார்த்தால்... மஞ்சள் இலை உதிர்ந்து, புதுத்துளிர் விட்டு, ஒரு காம்பில் ஊதா மொட்டு!

"நல்லா பாத்துக்கிட்டீங்க," என்றான்.

"நானா? நீங்க ஊத்தறீங்கன்னுல்ல நினைச்சேன்!"

"நான் இந்தப் பக்கமே வரலையே..."

இருவரும் சிரித்துவிட்டார்கள். அவள் சிரித்துத்தான் எத்தனை மாதமாயிற்று! பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. இனி மாடிக்கு வர என்ன சாக்கு?

"காஞ்ச மண்ணே இதுக்குப் போதும், நாம வேண்டாம் போல..." என்றாள்.

அவன் இமையில் ஒரு மழைத்துளி நின்றது. "செடிக்கு வேண்டாங்க. எனக்கு நீங்க வேணும்... தினமும் உங்க செருப்புச் சத்தம் என் வாசலைத் தாண்டினாத்தான் எனக்குச் சாப்பாடே எறங்குது."

அவள் தலை குனிந்தாள்.

"எனக்குக் கால் ரொம்ப வலிக்குது," என்றாள். "நாளையிலேருந்து மூணாவது மாடி வரைக்கும் ஏற முடியாது... ரெண்டாவதுலயே நின்னுடறேன். கதவைத் திறந்து வைங்க."

அலுத்து வரும் கால்களுக்கு உங்கள் வீட்டுக் கதவும் என்றும் திறந்தே இருக்கட்டும் கண்ணுகளா. உள்ளே இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும்.