அழகர் மாமாவின் ரோஸ் விரல்

“கசிப்பு! சதீஸ்குமார் வீட்டுத் தோட்டத்துல கசிப்பு!”

கோயில் தலைவர் அழகர் போட்ட சத்தத்தில் தேயிலைத் தோட்ட லயத்தின் பன்னிரண்டு வீட்டுக் கதவுகளும் திறந்துகொண்டன. பள்ளிக்கூடம் விட்டு வந்த சதீஸ்குமாரின் மகள் யசோதினி, புத்தகப் பையோடு அப்படியே நின்றாள்.

ஓடிப்போன கோழியைத் தேடி வந்த அழகரின் கையில், பத்திரிகையில் சுற்றிய ஒரு போத்தல். கோவாப் பாத்தி ஓரம் அவள் வைத்திருந்த அதே போத்தல்!

“திறந்தாலே சாராய நெடி மூக்கைத் துளைக்குது. இவனா அம்மனுக்குக் கரகம் எடுக்கப் போறான்?”

லயத்துக்கு எதிரே இருந்த கோயிலின் சுவரில் நீல மையால் எழுதி ஒட்டியிருந்த திருவிழாப் பட்டியலில், அப்பாவின் பெயரை ஒரே கோடாக அடித்தார் அழகர்.

அப்பா குடியை விட்டுப் பதினொரு மாதம். அந்தக் கரகத்துக்காகவே விட்டவர். அம்மாகூட அவரை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் யசோதினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அது என்னோடது மாமா!”

“அப்பனைக் காப்பாத்தப் புள்ள பொய் சொல்லுது பாருங்க!”

“பொய்யா? அது மை! காஞ்சுபோன மார்க்கர் பேனாவைப் பிரிச்சு, உள்ள இருக்கிற பஞ்சை ஸ்பிரிட்டுல ஊறப்போட்டா சாயம் இறங்கிடும். டிலானி டீச்சர் சொல்லித் தந்தாங்க. சீக்கிரம் தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வைக்காதேன்னும் சொன்னாங்க. எங்க வீட்டுல அடுப்பு இல்லாத பக்கம் எது? அதான் தோட்டத்துல வச்சேன். லேபிள்கூட ஒட்டியிருக்கேன், படிச்சீங்களா?”

அழகர் பத்திரிகையைப் பிரித்தார். பழுப்புப் போத்தலில், ‘மை. குடிக்கக் கூடாது.’

“கள்ளச் சரக்கு வைக்கிறவன் இப்படித்தான் எழுதி ஒட்டுவான்!” என்று விரலை ஆட்டினார்.

அந்த விரல் ரோஸ் நிறத்தில் இருந்தது.

யசோதினியின் கண் மின்னியது. “பீலிக் குழாய்த் தண்ணியில கையைக் கழுவுங்க மாமா. கசிப்புன்னா போயிடும்ல?”

அழகர் கழுவினார். சவர்க்காரம் போட்டார். கல்லில் தேய்த்தார். ரோஸ் அசையவில்லை.

“மாப்பிள்ளைக்கு மருதாணி நல்லாப் பிடிச்சிருக்கு!” என்றாள் பக்கத்து வீட்டு றோசாலி. லயமே சிரித்தது.

யசோதினி மீதமிருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, அவர் விரலைத் தானே துடைத்துவிட்டாள். நிறம் போய்விட்டது. பிறகு உடைந்த வெள்ளை டைல் துண்டில் ஒரு சொட்டு மை விட்டு ஊதினாள். ரோஸ் பூ ஒன்று விரிந்தது. அம்மா மெல்ல நகர்ந்து அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

“சரி, சரி… தெரியாமச் சொல்லிட்டேன்,” என்று முணுமுணுத்தபடி அழகர் நழுவினார்.

“நில்லுங்க மாமா! திட்டினது லயம் முழுக்கக் கேட்டுச்சே. இது மட்டும் எனக்கே சரியாக் கேட்கலியே?”

அழகர் தொண்டையைச் செருமினார். “சதீஸு மேல தப்பில்ல! நான்தான் அவசரப்பட்டுட்டேன்!”

“பட்டியல்ல அடிச்ச பேரு?”

யசோதினி தூரிகையை மையில் தோய்த்து நீட்டினாள். அவர் பட்டியலில் அப்பாவின் பெயரைப் பெரிதாக எழுதினார்.

அன்று மாலை மடுல்சீமையில் மழை வெளுத்து வாங்கியது. காலையில் பட்டியலைப் பார்க்க எல்லோரும் கூடினார்கள். நீலப் பெயர்கள் எல்லாம் கரைந்து வழிந்திருந்தன. ‘தலைவர் அழகர்’ கூட ஒரு நீலக் கோடாகக் கீழே இறங்கியிருந்தார்.

அசையாமல் நின்றது ஒரே ஒரு பெயர். ரோஸ் நிறத்தில்.

சதீஸ்குமார், கரகம்.