உள்ளே பார்த்துப் படுக்கும் நாய்

அன்று மாலை அந்த வீட்டு முன்கூடத்தில் இருந்தவர்கள்: தறிப்பட்டறை வைத்திருக்கும் ஆறுமுகச்சாமி, அவர் மனைவி பிச்சம்மாள், நாய்க் காப்பகம் நடத்தும் அருமைநாயகம், அவரோடு வந்த ஜெனிபா. நாய் ஒன்று.

நாயின் கணக்கில் ஓர் ஆள் கூடுதலாக இருந்தது.

விளக்குப் போடுகிற நேரத்தில் அது எழுந்தது. ஆறுமுகச்சாமியின் முழங்காலை மூக்கால் ஒருமுறை தொட்டது. பிச்சம்மாளைத் தொட்டது. அருமைநாயகத்தை, பிறகு ஜெனிபாவை. அதோடு முடிந்திருக்க வேண்டும். சுவரோரம் காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போய், அதற்கு ஒரு சாண் முன்னால், ஒன்றுமில்லாத இடத்தில், முழங்கால் உயரத்துக்கு மூக்கை நீட்டியது. ஈரமான கறுப்புத் தோல் எதிலோ அழுந்தியதுபோல லேசாகத் தட்டையானது. பிறகு வாசலுக்குப் போய், தெருவுக்கு முதுகு காட்டி, உள்ளே பார்த்துப் படுத்தது.

மூக்கு அழுந்தியதை ஜெனிபா பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாய்க்கு வீடு கிடைக்காது.

பிச்சம்மாள் காப்பி எடுக்க எழுந்தாள். நாயின் தொண்டைக்குள் தறி ஓடத் தொடங்கியதுபோல ஓர் உறுமல். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என் வீட்டுல எந்திரிக்கதுக்கு நான் நாய்கிட்ட பெர்மிஷன் வாங்கணுமா?"

"நான் இத்தன வருசமா உன்கிட்ட வாங்கிட்டுத்தாம்ட்டி இருக்கேன்" என்றார் ஆறுமுகச்சாமி.

அருமைநாயகம் சிரித்தார். ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். "பேரே லீடருதான் அண்ணாச்சி. கிளாஸ்ல எவனும் எந்திரிக்கப்பிடாதுல்லா. ஆள் எண்ணும், எண்ணி முடிச்சிட்டா எவனையும் எந்திரிக்க விடாது. மத்தபடி தங்கமான நாய்."

"பட்டறைக்குக் காவலுக்குத்தான் நாய் கேட்டேன். காவல் நாய்னா வெளிய பாத்துப் படுக்கணும். இது நம்மள இல்லா களவாணி மாதிரிப் பாக்கு. இத மட்டும் மாத்திக் குடுங்க. கண்டிப்பா வச்சுக்கிடுதேன்."

"மாத்திரலாம் அண்ணாச்சி" என்றாள் ஜெனிபா.

திரும்பும்போது வேனில் அருமைநாயகம் ரோட்டைப் பார்த்தபடியே பேசினார். "இதான் கடைசி, ஜெனி. ஷெட்டுக்காரன் மாசக் கடைசியில சாவி கேக்கான். மத்த நாயெல்லாம் போயாச்சு. ரெண்டு வீட்டுல கடிச்சுத் திரும்பி வந்தத நான் ரோட்டுல விடமாட்டேன். டாக்டர்ட்ட கூட்டிப்போயி ஊசி போட்டுர வேண்டியதுதான். நீ கோவப்படக்கூடாது, கேட்டியா."

அவள் கோபப்படவில்லை. கோபப்படுவது எப்படி என்பதே மறந்திருந்தது. சென்னையில் இரவு ஷிப்டில் உட்கார்ந்து, முகம் தெரியாத வெள்ளைக்காரர்கள் திட்டுவதைக் காதில் வாங்கி வாங்கி, ஒருநாள் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு பஸ் ஏறி வந்தவள். அதன்பிறகு எது நடந்தாலும் பக்கத்து வீட்டில் நடப்பதுபோலத்தான் இருந்தது. தறி ஓடும் தெருவில் ஒரு மாடி அறை. வீட்டுக்காரர் நாய் வளர்க்க விடமாட்டார். லீடருக்கு முட்டை அவிக்க வேண்டும் என்பதற்காகக் காலையில் எழுந்தாள். அதைப் பாசம் என்று அவள் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் அந்த முட்டையும் இல்லையென்றால் எழுந்திருக்கக் காரணம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

லீடர் ஆட்டுக்கிடை நாய். இளையரசனேந்தல் பக்கம், அறுப்பு முடிந்த கரிசல் காட்டில் உரத்துக்காகக் கிடை போட்டிருந்தார் ஒரு பெரியவர். பொழுது இறங்கும்போது ஆடுகளைத் தொட்டு எண்ணி வலைக்குள் அடைத்து, வாசல் படலைச் சாத்துவார். நாய் வெளியே நரிக்கும் திருடனுக்கும் முகம் காட்டிப் படுக்கும். ஒருநாள் காலையில் அந்தக் காட்டின் சொந்தக்காரர் போனபோது பெரியவர் கிடைக்குள், பனியில் நனைந்த கம்பளியோடு, உட்கார்ந்தபடியே செத்திருந்தார். ஆடுகள் அத்தனையும் ஒரு மூலையில், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நெருக்கியடித்து நின்றன. மீதிக் கிடை காலி. நாய் படலுக்கு உள்பக்கம் படுத்து, அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரையும் உள்ளே விடவில்லை.

"எசமான் போன துக்கம்" என்றுதான் அருமைநாயகம் எல்லோரிடமும் சொன்னார். ஜெனிபாவும் அதையே நம்பினாள். காட்டுக்காரர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். பெரியவர் நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்து டொக்கென்று ஒரு சத்தம் கொடுப்பாராம். ஆடுகள் நின்ற இடத்தில் நின்றுவிடுமாம். அவர் செத்த ராத்திரி அந்தச் சத்தம் வெகுநேரம் கேட்டது என்றும், ஏதோ ஆடு கட்டுக்கடங்கவில்லை போல என்று தான் புரண்டு படுத்துவிட்டதாகவும் சொன்னார்.

காப்பகம் என்பது மூடிப்போன ஒரு தறி ஷெட். தகரக் கூரை. ஒரு மூலையில் யாரும் எடுத்துப்போகாத பழைய தறி, அதன் காலடியில் நூல்கழிவு ஒரு குவியல். வெயில் இறங்கும்போது தகரம் சூடாறி டொக், டொக் என்று சத்தம் போடும். மற்ற நாய்கள் போனபிறகு அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

ஒவ்வொரு நாளும் பொழுதடையும் நேரத்தில் லீடர் ஜெனிபாவின் முழங்காலைத் தொட்டது. பிறகு பழைய தறிக்குப் போய், நூல்கழிவுக்கு மேலே, காற்றைத் தொட்டது. பிறகு வாசலில், உள்ளே பார்த்து.

நாய் பழக்குவதில் மந்திரம் ஒன்றும் இல்லை. வேண்டாததைச் செய்யப் போகும்போது கூப்பிட வேண்டும். திரும்பி வந்தால் தின்னக் கொடுக்க வேண்டும். அவள் நாயின் மதியச் சோற்றை நிறுத்திவிட்டு, அவித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். முதல் நாட்களில் அது நடுவில் நின்று தறியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கிச் சிமெண்டுத் தரையில் சொட்டியது, பின்னங்கால்கள் நடுங்கின, ஆனாலும் முட்டையை விட்டுவிட்டுத் தறிக்கே போனது. அவள் மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். அவளுக்கு அவசரமும் இல்லை, இரக்கமும் இல்லை.

பசி ஜெயித்தது. ஒரு மாலை லீடர் அவள் முழங்காலை மட்டும் தொட்டது. தறிப்பக்கம் போகவில்லை. வாசலுக்கு நடந்து, ஒரு கணம் தயங்கி, தெருவைப் பார்த்துப் படுத்தது.

"சபாஷ்லே லீடரு" என்றாள்.

கூரை டொக்கென்றது.

மூலையில் நூல்கழிவு நசுங்கியது. வெகுநேரம் உட்கார்ந்திருந்த ஒருவர் எழும்போது முழங்கால் நெரிபடும் சத்தம். முதலில் ஒன்று. பிறகு மற்றது. நனைந்த கம்பளி வாடை ஷெட்டுக்குள் பரவியது.

லீடரின் முதுகு மயிர் கழுத்திலிருந்து வால்வரை நிமிர்ந்தது. ஆனால் அது உள்ளே திரும்பவில்லை. பழக்கியபடி வெளியே பார்த்துக்கொண்டே, கடைக்கண்ணால் அவள் கையிலிருந்த முட்டையைப் பார்த்தது.

அவள் முட்டையைக் கொடுத்தாள்.

வீட்டில் ஒப்படைத்த நாள் எல்லாம் நன்றாக நடந்தது. லீடர் ஆறுமுகச்சாமியைத் தொட்டது. பிச்சம்மாளை, ஜெனிபாவை. பிளாஸ்டிக் நாற்காலி அதே இடத்தில் கிடந்தது. அந்தப் பக்கம் அது தலை திருப்பவே இல்லை. வாசலில், வெளியே பார்த்துப் படுத்தது. பிச்சம்மாள் எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். சத்தம் இல்லை.

"பாத்தியளா, எனக்குச் சுதந்திரம் வந்துட்டு. காப்பி குடிச்சிட்டுப் போம்மா."

குடித்தாள். சூடு மட்டும் தெரிந்தது.

அவள் கேட்டைத் தாண்டும்போது பின்னால் நகங்கள் தரையைப் பிறாண்டும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். லீடர் பாய்ந்து வந்தது. அவளிடம் இல்லை. அவளுக்கு ஓர் எட்டுப் பின்னால் நின்று, பல்லைக் காட்டி, தரையோடு தரையாகக் கடித்தது. வழி மாறும் ஆட்டின் குதிகாலைக் கிடை நாய் கடிக்குமே, அப்படி. அங்கே குதிகால் எதுவும் இல்லை. விட்டுவிட்டு மறுபடியும் கடித்தது.

ஆறுமுகச்சாமி ஓடிவந்து சங்கிலியை இழுத்தார். "என்னம்மா இது? கடிக்கா வருது?"

அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சொல் சொன்னால் போதும். ஆமாம் என்றால் நாய் அவளோடு திரும்பி வரும். நாளைக் காலையில் ஊசி.

"ஏக்கம் அண்ணாச்சி. நான் போறேன்லா, அதான்."

"ஆமா, இருக்கத்தான் செய்யும்."

"கேட்டச் சாத்திக்கிடுங்க."

சாத்தினார். கம்பிகளுக்கு நடுவில் லீடர் மூக்கை நீட்டியது. அது பார்த்தது அவள் முகத்தை அல்ல. அவள் தோளுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில்.

தெரு முழுக்கத் தறிகள் ஓடின. இருபுறமும் ஜன்னல்களிலிருந்து சத்தம் வந்து விழுந்து, மண்டைக்குள் வேறு எதற்கும் இடமில்லாமல் அடைத்தது. அந்தச் சத்தத்துக்குள் தன் செருப்புச் சத்தமே அவளுக்குக் கேட்கவில்லை, வேறு யாருடைய நடையும் கேட்க வழியில்லை. டீக்கடை முன்னால் படுத்திருந்த தெருநாய் அவள் கடந்து போகும்வரை சும்மா கிடந்தது. கடந்தபிறகு எழுந்து, வாலைக் காலுக்குள் செருகி, கடைக்குள் போனது.

மாடி ஏறினாள். அறைக்கதவுத் தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. கதவைச் சற்றே தூக்கிப் பிடித்து, இடதுபக்கம் அழுத்தினால்தான் விழும். வீட்டுக்காரருக்கே அது வராது. காற்றுக்காகக் கதவைத் திறந்துவைத்தாள். கதவுக்கு முதுகு காட்டி, ஜன்னலைப் பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

போன் அடித்தது. பிச்சம்மாள்.

"சாப்பிட்டுட்டும்மா. சட்டியையே நக்கிட்டு. இங்கன கணக்கெல்லாம் சரியா இருக்கு போல, எங்க ரெண்டு பேரையும் தொட்டுட்டு சோலிய முடிச்சிட்டு. வெளிய பாத்துத்தான் படுத்திருக்கு. என்ன, உங்க தெருப் பக்கமே பாத்துக்கிட்டுக் கெடக்கு."

"சரிக்கா."

"நீ ஒண்ணும் கவலப்படாத. இனும அது எங்க புள்ள."

"சரிக்கா."

நாய்க்கு வீடு கிடைத்துவிட்டது. சந்தோஷம் என்று ஏதாவது வருமா என்று அவள் காத்திருந்தாள்.

கரண்ட் போனது.

தறிகள் தேய்ந்து தேய்ந்து, ஒவ்வொன்றாக நின்றன. தெரு முழுவதும். காது அடைத்ததுபோல ஒரு அமைதி. இரண்டு தெரு தள்ளி ஒரு நாய் ஊளையிட்டது. நீளமாக. ஒரே ஒருமுறை.

டொக்.

தகரம் சூடாறுகிறது என்று நினைத்தாள்.

இந்த வீடு கான்கிரீட்.

நனைந்த கம்பளி வாடை.

அவள் திரும்பவில்லை. கட்டிலின் மறுபக்கம் மெல்லத் தாழ்ந்தது. பாரம் உட்கார்ந்தது. பிறகு எழுந்தது. முழங்கால் நெரிபடும் சத்தம். ஒன்று. மற்றது.

நாய் அதைத் தேடிப்போய்த் தொட்டதெல்லாம் துக்கம் இல்லை. தொட்டு உட்காரவைத்தது. அவ்வளவு நாளும். ஒவ்வொரு வீட்டிலும். முட்டையைக் காட்டி நாயை அவள்தான் திருப்பினாள்.

அவள் முழங்காலில் ஏதோ பட்டது. லீடர் தொடும் அதே இடம். ஈரம் இல்லை. விரல்கள். காய்ந்து, குளிர்ந்து, அழுத்தாமல். எண்ணுகிறவரின் விரல்கள்.

அவளைக் கணக்கில் எடுத்துக்கொண்டது.

பயம் வந்தது. இத்தனை நாள் கழித்து, முழுதாக. அவள் எழப் பார்த்தாள்.

டொக். காதருகில்.

கால்கள் நின்றுவிட்டன. அவள் உட்கார்ந்தாள்.

அது முதுகுப்பக்கமாக நடந்து போனது. பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. பிறகு கதவு சற்றே தூக்கப்பட்டு, இடதுபக்கம் அழுத்தப்பட்டு, உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.