ஐந்து வரைதான்

ஐந்தோடு அவள் நிறுத்திக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ "ஆறு" என்றார்கள்.

அடக்கமான குரல்தான், பக்கத்தில் குழந்தை தூங்குவதுபோல. ஆனால் அந்த நேரத்தில் அந்த அறையில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும். ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கதவை உள்பக்கம் தாழிட்டு, முகக்கவசம் மாட்டிக்கொண்டுதான் அவள் குழாயையே தொடுவாள். சிறுநீரகம் இரண்டும் கைவிரித்து மூன்று வருடமாகிறது. தினமும் நான்கு வேளை, வயிற்றில் நிற்கும் பழைய நீரைக் குழாய் வழியாகத் தரையிலுள்ள காலிப் பைக்கு இறக்கிவிட்டு, கம்பியில் தொங்கும் புதுப் பையிலிருந்து இரண்டு லிட்டர் ஏற்றிக்கொள்ள வேண்டும். அரை மணி நேர வேலை. இறக்கி முடித்து ஏற்றுவதற்கு முன்னால், குழாயில் இருக்கும் காற்று போவதற்காக ஐந்து வரை எண்ண வேண்டும். நர்ஸ் சொல்லிக்கொடுத்தது அது. சத்தமாக எண்ணிப் பழகிவிட்டாள், தனியாக இருப்பவளுக்கு அதுவும் ஒரு பேச்சுத்துணை என்று.

காது அடைத்திருக்கும், வேலையைப் பார் என்று தன்னையே அதட்டிக்கொண்டு குழாயை அடைத்து நிறுத்தும் வெள்ளைக் கிளாம்பைத் திறந்தாள். வயிற்றுக்குள் நீர் குளுகுளுவென்று ஏறியது. அந்தப் பக்கம் மறுபடி சத்தமே இல்லை. மின்விசிறிச் சத்தம்கூட இல்லை.

இந்த வெயிலில், நடுப்பகலில், யார் மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்?

அவள் பள்ளிப் பாடநூல்களுக்குப் பிழை திருத்துபவள். அச்சுத்தாள்கள் வீட்டுக்கே வந்துவிடும். இறங்கிய நீர்ப் பையின் அடியில் அந்தத் தாள்களில் ஒன்றை வைத்துப் பார்ப்பாள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் நீர் சுத்தம், கலங்கித் தெரிந்தால் வயிற்றில் கிருமி. மூன்று வருடத்தில் ஒருநாளும் கலங்கியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. பிறகு பையைக் கொக்கித் தராசில் மாட்டி, எடையை நோட்டில் குறிப்பாள். இரண்டு ஏற்றினால் இரண்டே கால் இறங்க வேண்டும். அந்தக் கால் லிட்டர்தான் உடம்பு வெளியேற்ற முடியாமல் தவித்த தண்ணீர்.

அன்று ஒன்று எழுநூறு. நோட்டைப் பின்னால் புரட்டினாள். பன்னிரண்டு நாளாகவே இறங்குமுகம்தான். கணுக்காலை விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது, எழும்பி வரவேயில்லை.

இருபத்திரண்டு நாள் கழித்து அறுவைச் சிகிச்சை. அக்காவின் சிறுநீரகம் ஒன்று இவளுக்கு. அதுவரை கிருமி சேரக் கூடாது, நெஞ்சில் நீர் கோக்கக் கூடாது, இல்லாவிட்டால் தள்ளிப்போடுவோம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்காவுக்கு ஐம்பத்தொன்று. ரத்த அழுத்தம் விளிம்பில் நிற்கிறது. தள்ளிப்போட்டால் அடுத்த முறை அக்காவை எடுக்க மாட்டார்கள். வேறு யாரும் கிடையாது.

நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"குறைவா இறங்குதா? வெளிக்குச் சரியா போகுதா, மலச்சிக்கலா? ஒருக்களிச்சுப் படுத்துப் பாருங்க. கால் கீல் வீங்கியிருக்கா?"

"இல்ல சிஸ்டர். அதெல்லாம் ஒன்னும் இல்ல."

பொய் சொல்லிவிட்டு, புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள், என்னமோ போனில் தெரிந்துவிடும் என்பதுபோல.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து இரண்டு மாதம் இருக்கும். கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெரியவர், அவர் மனைவி, ஒரு மருமகள். வந்த அன்று அந்த மருமகள் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகித் தூக்கிக்கொண்டு, மாடிப்படியில் இவளைப் பார்த்து, "வழி விடுங்கக்கா, லாரி வருது" என்று சிரித்தாள். நல்ல வாட்டசாட்டமான பெண். அதற்குப் பிறகு கண்ணில் படவேயில்லை. பெரியவர்தான் அப்போது எலும்பும் தோலுமாக இருந்தார்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அந்தம்மா கதவைத் தட்டினாள்.

"எங்க வீட்டுக்காரருக்கும் உங்களுக்கு இருக்குறதுதாம்மா. குழாய்க்குப் போடுற மருந்து மூடி தீந்துபோச்சு. ஒன்னே ஒன்னு குடுங்களேன்."

ஒவ்வொரு முறையும் குழாயின் நுனியில் புது மூடி போட வேண்டும். மாதக் கடைசியில் எல்லோருக்கும் தட்டுப்பாடு வரும். இந்த நோய்க்காரர்களுக்குள் ஒரு வழக்கம், மூடி கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். நாளை தனக்கும் ஆகும். அவள் உள்ளே போய்ப் பெட்டியைப் பிரித்து, கைநிறைய நாலைந்து எடுத்து வந்தாள்.

அந்தம்மா போயிருந்தாள். மேசையில் தட்டு காலி. சற்று முன்பு அவள் கழற்றிப் போட்டிருந்த பழைய மூடியைக் காணோம்.

குப்பையை யார் எடுப்பார்கள், எங்கேயாவது உருண்டிருக்கும் என்று விட்டுவிட்டாள். இப்போது நோட்டில் தேதியைப் பார்த்தபோதுதான் உறைத்தது. இறங்குமுகம் தொடங்கியது அதற்கு மறுநாள்.

மாலையில் படியில் அந்தம்மா எதிர்ப்பட்டாள். கன்னம் பளபளத்தது.

"இன்னைக்கு எத்தனைம்மா?"

"என்ன எத்தனை?"

"எங்களுக்கு ரெண்டு எழுநூறு. நல்லா வருது." கழுத்தைத் தடவிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த நாள் அவள் ஒரு சோதனை வைத்தாள். பன்னிரண்டு மணி வேலையைப் பதினொன்று இருபதுக்கே தொடங்கினாள். யாரிடமும் சொல்லவில்லை, செருப்புகூடப் போடாமல் பூனை நடை நடந்து ஜன்னலைச் சாத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் சாத்திக்கொண்டது. அவள் விசிறியை நிறுத்தினாள். அங்கே ஒரு விசிறி கடகடத்து, மெலிந்து, நின்றது. நாற்காலிக் கால்கள் தரையில் உரசின. டெட்டால் வாடை மட்டும் இருந்த அறையில் இப்போது வேறு ஏதோ வாடை, ஈரத்துணியை நாள்கணக்கில் மூடி வைத்த வாடை. சுவரோரம்தான் அது அதிகம்.

இறங்கியது ஒன்று நானூறு. எண்ணினாள். அவளோடு சேர்ந்து இரண்டு குரல்கள் எண்ணின. ஐந்தில் நிறுத்தினாள். அவர்கள் ஒன்பது வரை போனார்கள்.

குழாயைக் கழற்றி மூடி போட்டதும் கோபம் தலைக்கேறியது. மூச்சு வாங்க, வீங்கிய காலை இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்துக் கதவைத் தட்டினாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்றுதான் போனாள்.

"வாங்கம்மா, வாங்க" என்றாள் அந்தம்மா, விருந்தாளியை எதிர்பார்த்துக் காத்திருந்தவள் மாதிரி.

கூடத்தில் கம்பி இல்லை. பை இல்லை. குழாய் இல்லை. இந்த நோய் இருக்கும் வீட்டில் நீர்ப்பை அட்டைப் பெட்டிகள் கூரைவரை நிற்கும். இவள் வீட்டில் நாற்பது இருக்கின்றன, கட்டிலுக்கே வழியில்லை. இங்கே ஒரு பெட்டிகூட இல்லை. மூன்று நாற்காலிகள் மட்டும். மூன்றும் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தன, முழங்கால் சுவரில் இடிக்கிற அளவுக்கு ஒட்டி. அவளுடைய சுவர் அது. நடு நாற்காலியில் பெரியவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தொப்பிக்குக் கீழே கழுத்து தடித்து, சிவந்து, ஆரோக்கியமாக இருந்தது. மூன்றாவது நாற்காலியில் ஒரு துப்பட்டா மடித்து வைத்திருந்தது.

"உங்க மருமக..."

"அவளால ரொம்ப நாள் உக்கார முடியலம்மா." அந்தம்மா வருத்தத்தோடுதான் சொன்னாள். "ஆள் இல்லாம இருந்தா குறையத்தான் செய்யும். உங்க பக்கத்து ஆள் ஒருத்தர் வந்து உக்காந்தா உங்களுக்கும் நல்லா வரும். உங்களுக்கு யாரும்மா இருக்காங்க?"

கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழகிய வாய். நினைப்பதற்குள் வந்துவிட்டது.

"அக்கா. நாளைக்கு வர்றாங்க."

பெரியவர் திரும்பவில்லை. ஆனால் தலை மெல்ல ஆடியது, சரி என்பதுபோல.

அக்கா காலை ஒன்பதுக்கு வந்து இறங்கினாள். பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். இருபது வருடம் போக்குவரத்துக்கு நடுவில் கத்திய தொண்டை, தெருமுனையிலேயே கேட்டுவிடும்.

"என்னடி இது, காலா பூசணிக்காயா? நர்ஸ்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது சொன்ன லட்சணம். நாளைக்குக் காலைல நேரா ஆஸ்பத்திரி. நான் ஓட்டுறேன், நீ வாயத் திறக்கக் கூடாது."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போட்டால் முடிந்தது கதை. அக்கா அவள் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். "இந்தா, இங்கதான் இருக்கு உன்னோடது. பத்திரமா வச்சிருக்கேன். எங்கயும் ஓடிடாது."

"அக்கா, பக்கத்து வீட்டுல மட்டும் பேச்சு வச்சுக்காத."

"ஏன், கடிச்சுடுவாங்களா?"

சொன்னால் சிரிப்பாள். இல்லை, மூளைக்கும் நீர் ஏறிவிட்டது என்று இன்றைக்கே கிளப்பிக்கொண்டு போவாள். "சும்மா சொன்னேன்" என்றாள். அப்படிச் சொன்னதற்காகத் தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பன்னிரண்டு மணி. அக்கா வெளியே, அவள் உள்ளே. ஜன்னல். விசிறி. தாழ்ப்பாள். கையை முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். மூடியைக் கழற்றி, குழாயைப் பையோடு இணைத்தாள். கிளாம்பைத் திறந்தாள். பேசாமல் இருந்தது குழாய். ஒரு சொட்டு இறங்கவில்லை.

"அக்கா?"

"இருக்கேன், இருக்கேன். நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

அழைப்புமணி அடித்தது.

அக்காவின் செருப்புச் சத்தம். கதவு. அந்த அடக்கமான குரல், குழந்தை தூங்குவதுபோல. பிறகு அக்கா:

"ஒரு நிமிஷம்டி! நாற்காலியத் தள்ளிப் போடணுமாம், அந்தப் பெரியவருக்கு முடியல போல. வந்துர்றேன்."

"போகாத! அக்கா, போகாத!"

முகக்கவசத்துக்குள் கத்தினாள். வாசல் கதவு சாத்திக்கொண்டது.

எழுந்தாள். குழாய் வயிற்றை இழுத்தது. பாதியில் பிடுங்கினால் கிருமி. கிருமி வந்தால் அறுவை கிடையாது. புது மூடி மேசையில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முறையாகக் கழற்றி மூடி போட ஒரு நிமிடம்கூட ஆகாது. அதை எடுக்கத்தான் கையை நீட்டினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி உரசியது. ஒன்று. இன்னொன்று.

மூன்றாவது.

விசிறி நின்றது.

அப்போது குழாய் குலுங்கியது. நீர் இறங்கத் தொடங்கியது. இத்தனை வேகத்தில் அவள் ஒருநாளும் கண்டதில்லை. தரையில் பை புடைத்து எழுந்தது. அரை லிட்டர்க் கோடு. ஒன்று. ஒன்றரை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல்லை யாரோ தூக்கிவிட்டார்கள். நீட்டிய கை அப்படியே நின்றது. மூச்சு உள்ளே போனது. அடிவரை போனது. மூன்று வருடமாக இரவும் பகலும் தோலுக்கடியில் ஊர்ந்த அரிப்பு, நின்றுவிட்டது.

இரண்டு லிட்டர். இரண்டே கால்.

"ஒன்னு" என்றது சுவர்.

அக்காவின் குரல்.

"ரெண்டு. மூணு."

கூடவே இன்னும் இரண்டு பேர். நிதானமாக. பழக்கிக்கொடுப்பவர்கள்போல.

"நாலு. அஞ்சு."

நிறுத்து. அக்கா, ஐந்து வரைதான். நிறுத்து.

"ஆறு."

அவள் கட்டைவிரல் வெள்ளைக் கிளாம்பின்மேல் இருந்தது. ஓர் அழுத்து. நின்றுவிடும். அவளுக்கு நிச்சயமாகத் தெரியும், அழுத்தினால் நின்றுவிடும்.

இரண்டரை. கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது. தோல் சுருங்கி மடிந்தது. மூன்று.

"எட்டு." தெருமுனைவரை கேட்கும் தொண்டை. இப்போது காதைச் சுவரில் வைத்தால்தான் கேட்கும். "ஒம்பது."

காலால் ஓர் அச்சுத்தாளைப் பையின் அடியில் தள்ளினாள். பழக்கம். குனிந்து பார்த்தாள். நீர் கலங்கவேயில்லை. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. சிவப்பாகத் தெரிந்தது.

"எத்தனைம்மா?" சுவர் வழியாக அந்தம்மா கேட்டாள். "நல்லா வருதா?"

கட்டைவிரல் கிளாம்பின்மேல்தான் இருந்தது.

"பத்து" என்று அக்கா மூச்சுவிட்டாள். அதற்குப் பிறகு அக்காவின் குரல் வரவில்லை. அந்த இருவரும் காத்திருந்தார்கள். பை இன்னும் புடைத்துக்கொண்டிருந்தது.

மூன்று வருடத்தில் முதல்முறையாக அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். முகக்கவசத்துக்குள் யாருடைய உதடுகளோ அசைந்தன. அவளுடையவைதான்.

"பதினொன்னு."