கழுத்துக்கு மேலே ஒரு கொலை

காலை ஏழேகால்.

மாப்பிள்ளை தலையணையை எடுத்தான்.

கீழே மாமனாரின் முகம். மூடிய கண்கள். அரைகுறையாகத் திறந்த வாய்.

முழுசாக ஆறு நிமிடம்! கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அமுக்கியிருந்தான். முதல் ஒரு நிமிடம் கிழவர் காலை உதறினார். அப்புறம் அடங்கிவிட்டார்.

மாப்பிள்ளை பெரிய மூளைக்காரன். அவனுடைய சொந்த அபிப்பிராயம் அது. சவரக் கண்ணாடியை எடுத்து வந்து மாமனாரின் மூக்குக்குக் கீழே பிடித்தான்.

ஆவி படியவில்லை.

வாய்க்கு நேரே பிடித்தான்.

ஊஹூம்... பளிங்கு மாதிரி இருந்தது கண்ணாடி!

"ஒழிஞ்சாரு!"

போர்வையைத் தலைவரை இழுத்து மூடினான். நாடி பார்க்கவில்லை. நாடி எங்கே இருக்கும் என்று தெரிந்தால்தானே பார்ப்பதற்கு!

மேஜைமேல் நோட்டு. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு மாமனாருக்குப் பேச்சு கிடையாது, எல்லாம் எழுத்துதான். கழுத்தைச் சுற்றி எப்போதும் ஒரு மெல்லிய துணி. நேற்று சாயங்காலம் எழுதிக் காட்டியிருந்தார்.

'உங்களுக்கு இன்னொரு குடும்பம் இருக்கறது தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு என் பொண்ணு ஊர்லேருந்து வந்ததும் சொல்லப்போறேன்.'

சொன்னால் செய்கிறவர்! மாப்பிள்ளை அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டான்.

பிறகு முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு போனை எடுத்தான்.

"டாக்டர்... மாமா... மாமா போயிட்டாரு டாக்டர்! நீங்க வந்து சர்ட்டிபிகேட்..."

அரை மணியில் டாக்டர் வந்தாள். மாமனாருக்கு ஆபரேஷன் செய்தவள். ஐம்பது வயது, வெட்டின தலைமுடி, யாரையும் நம்பாத கண்கள்.

போர்வைக்குள் கையைவிட்டு நாடியைப் பிடித்தாள். ஒரு கணம் அசையாமல் நின்றாள்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டு வர்றீங்களா? வெந்நீரா இருந்தா நல்லது."

வெந்நீர் வைக்க ஐந்து நிமிடம் ஆனது. திரும்பி வந்தபோது அவள் போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க. என்ன ஆச்சு?"

"விடியக்காலைல திணறினாரு டாக்டர். மூக்கால மூச்சை இழுக்கறாரு... முடியல! வாயால இழுக்கறாரு... முடியல!"

"ஐயோ பாவம். நீங்க சும்மா பார்த்துட்டா நின்னீங்க?"

"சேச்சே! மூக்கைப் பொத்திக்கிட்டு, வாயோட வாய் வெச்சு ஊதினேன் டாக்டர்!"

"காத்து உள்ள போச்சா?"

"போச்சே! நெஞ்சு இப்படி ஏறி இறங்கிச்சு!"

"பலே!" டாக்டர் வெந்நீரை ஒரு மடக்குக் குடித்தாள். "ஸ்கூல்ல சயின்ஸ்ல எத்தனை மார்க் நீங்க?"

"டாக்டர்...?"

"மூக்கு. அதுக்குப் பின்னால தொண்டை. அப்புறம் குரல்வளை, மூச்சுக்குழாய். அது ரெண்டாப் பிரிஞ்சு, நூறாப் பிரிஞ்சு, கடைசியில கோடிக்கணக்கான குட்டிக் குட்டி காத்துப் பைகள். அங்கதான் ரத்தம் பிராணவாயுவை வாங்கிக்கும். இது உங்களுக்கும் எனக்கும்."

"சரி..."

"இவருக்கு அப்படி இல்ல. புத்துநோய் வந்து குரல்வளையை முழுசா எடுத்துட்டேன். மூச்சுக்குழாயோட மேல்நுனியைக் கழுத்துத் தோலோட சேர்த்துத் தெச்சாச்சு. கழுத்துல, அந்தத் துணிக்குப் பின்னால ஒரு ஓட்டை... அதுதான் இவருக்கு மூக்கு! மூஞ்சியில இருக்கறது கண்ணாடி மாட்டறதுக்குத்தான். நீங்க ஊதியிருந்தா வயிறுதான் உப்பியிருக்கும்!"

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது.

"உங்க சம்சாரம் சொல்லலையா?"

சொன்னாள். மூன்று வருடம் முன்பு, ஆஸ்பத்திரியிலிருந்து போனில், அழுதுகொண்டே, ஒரு மணி நேரம் சொன்னாள். இவன் 'ம்... ம்...' என்றபடி மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

"பதட்டத்துல... சரியாப் பார்க்கல டாக்டர். எப்படியோ... செத்துட்டாரு..."

"செத்துட்டாருன்னு யாருய்யா சொன்னது?"

டாக்டர் போர்வையைச் சரேலென்று இழுத்தாள்.

மாமனார் மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்!

கண்ணை இமைத்தார்!

மாப்பிள்ளை அலறிக்கொண்டே பின்வாங்கி அலமாரியில் மோதினான்.

"நாடி பார்க்கக் கையைப் பிடிச்சேன். என் விரலை இறுக்கிப் பிடிச்சாரு. நீங்க அடுப்படியில நின்னப்போ எல்லாத்தையும் எழுதிட்டாரு. பலமில்லாத உடம்பு, உதறிப் பார்த்தாராம். முடியலைன்னதும் செத்த மாதிரியே கிடந்துட்டாராம். நீங்க மூஞ்சியை அமுக்கி வேர்த்து விறுவிறுத்துக்கிட்டு இருந்தப்போ, கழுத்து வழியா நிம்மதியா மூச்சு வாங்கிட்டு இருந்திருக்காரு!"

வாசலில் ஜீப் வந்து நின்றது. பூட்ஸ் சத்தம் படியேறியது. அதன் பின்னாலேயே ஒரு பெண் குரல்... "அப்பா! வாசல்ல எதுக்குப்பா போலீஸ்?"

மாப்பிள்ளை தடாலென்று தரையில் விழுந்தான். கட்டில் காலைக் கட்டிக்கொண்டான்.

"மாமா! ஜெயிலுக்கு வேணா போறேன். அந்த இன்னொரு விஷயம் மட்டும்... அவகிட்ட மூச்சு விட்டுடாதீங்க மாமா!"

மாமனார் நிதானமாக எழுந்து உட்கார்ந்தார். நோட்டை வாங்கி ஏதோ கிறுக்கி டாக்டரிடம் நீட்டினார்.

டாக்டர் உரக்கப் படித்தாள்.

"மூச்சு விடாம இருக்கறது எப்படின்னு நீங்கதான் ஆறு நிமிஷம் கத்துக்குடுத்தீங்க மாப்பிள்ளை... எனக்குத்தான் வரலை!"