இரண்டாவது சாட்சி

ஊரில் நாலு பேர் நிலம் வாங்கினால் மூணு பேருக்குப் பத்திரம் எழுதுகிறவள் அவள்தான். வில்லங்கம் பார்ப்பதில் புலி என்று பேர். அப்பேர்ப்பட்டவள், சொந்தத் தங்கைக்குப் பழைய துரை பங்களாவை நிலத்தோடு வாங்கிக் கொடுத்தபோது, முப்பது வருஷத்துக்கு மேல் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. யாருமே பார்ப்பதில்லை. தொழில் வழக்கம் அப்படி.

குடி போன மூன்றாம் நாள் காலையில் தங்கை போன் பண்ணினாள்.

"அக்கா, ரெண்டு நாளா ஒரு கிழவி வாசல்ல வந்து நிக்கிறா. 'இது என் நிலம்'ங்கிறா. வேற பேச்சே இல்ல."

"கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே இரு. நான் மூலப்பத்திரத்தைப் பாத்துட்டு வரேன்."

ஆவண அறையில் பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டும். செல்லரித்த காகித வாடை தொண்டையில் ஒட்டியது. காப்பாளர் ஒரு கட்டைத் தொப்பென்று மேஜையில் போட்டார்.

"துரை குடும்பத்து நிலமா? தேடுங்கம்மா. ஏதாச்சும் கடிச்சா நான் பொறுப்பில்ல." சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கடைசிப் பத்திரத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டினாள். டாக்டர். மர வியாபாரி. துரை. வாங்கியவர் எவரும் விற்கவில்லை, விற்றதெல்லாம் வாரிசுகள். ஒவ்வொன்றிலும் குடி போன தேதியும் இறப்புச் சான்றும் இருந்தன. எல்லாருமே குடி போன மூன்றாம் நாள் செத்திருந்தார்கள்.

இன்றைக்குத் தங்கைக்கு மூன்றாம் நாள்.

துரைக்குப் பின் வந்த எல்லாப் பத்திரத்திலும் இரண்டாவது சாட்சிக்குப் பெயர் இல்லை. வெறும் கைநாட்டு. கட்டைவிரல் ரேகையின் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.

நூறு வருஷத்துக்கு மேல். ஒரே விரல்.

அடியில் முதல் பத்திரம். வாரிசில்லாத ஒரு கிழவி துரைக்கு எழுதிக் கொடுத்தது. விற்பவர் இடத்தில் அதே தழும்பு. கூடவே துரையின் கணக்கப்பிள்ளை எழுதிய துண்டுச்சீட்டு: 'கிழவி விடியற்காலம் இறந்துபோனாள். விரல் விறைக்கும் முன்னே ரேகை எடுத்தாயிற்று.'

"அடப் பாவிகளா!" என்று வாய்விட்டே சொன்னாள்.

அப்போதுதான் அந்த நாள் ஞாபகம் வந்தது. தங்கையின் பத்திரப் பதிவன்று ஒரு சாட்சி வரவில்லை. ஆள் குறைந்தால் வராந்தாவில் நிற்பவரைக் கூப்பிட்டுக்கொள்வது எல்லா எழுத்தரும் செய்வதுதான். தூணோரம் நின்ற கிழவியை, "பாட்டி, இங்க ஒரு கைநாட்டு வைங்க" என்று கூப்பிட்டு, இவளே மைப்பெட்டியை நீட்டினாள். பேர்கூடக் கேட்கவில்லை. அந்த விரல் ஜில்லென்று இருந்தது.

போனை எடுத்தாள்.

"உடனே வெளிய வா! அந்தக் கிழவி…"

"உள்ளதான் இருக்காங்க அக்கா." தங்கை தூக்கத்தில் பேசுவதுபோல் பேசினாள். "நீதான் அனுப்பிச்சேன்னு சொன்னாங்க. என் விரல்ல மை தடவுறாங்க."

"கையை உதறுடி! ஓடு!"

மூச்சுச் சத்தம்கூட வரவில்லை.

மேஜையில் விரிந்து கிடந்த முதல் பத்திரத்தின் அடியில் ஈர மை மெல்ல ஊறி எழுந்தது. ஒரு கட்டைவிரல் ரேகை. நுனி நசுங்கிய விரல். சின்ன வயசில் இவள் தெரியாமல் சாத்திய கதவில் நசுங்கிய தங்கையின் விரல்.

பக்கத்தில் இரண்டாவது சாட்சிக்கான இடம் காலியாக இருந்தது.

வெளியே, வராந்தாவில், யாரோ ஒருத்தி தொண்டையைச் செருமினாள்.