கடைசியாக ஒரு பார்வை

இரண்டு பேரும் கீழே சமையலறை மேசையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது மாடிப்படி முனகியது.

மேலே படுக்கையறைக்குப் போகும் மரப்படி அது, ஏணி மாதிரி செங்குத்தானது. ஏழாவது பலகை மட்டும் யார் கால் வைத்தாலும் வயிற்றுவலிக்காரனைப் போல முனகும். பெல்ஜியத்துப் புரூஜ் நகரில் வந்திறங்கிய நான்கு நாளில் லொரெய்னுக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. ஆனால் இப்போது கால் வைக்க மேலே யாரும் இல்லை. அவள் கணவன் டெரக் எதிரே ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

“கேட்டுச்சா?”

“பழைய வீடு. மழைக்கு மரம் ஊதும்,” என்றான், தலை நிமிராமல்.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்கிற ரகம் இல்லை அவள். முந்தாநாள் சாப்பாட்டுக் கடையில் மீன் கேட்டதற்கு முயல்கறி வந்தது. பரிமாறியவன் வந்து விசாரித்தபோது “நல்லாத்தான் இருக்கு” என்று சிரித்துக்கொண்டே சொல்லி, எலும்புவரை தின்று முடித்தாள். வந்த இடத்தில் வம்பு எதற்கு? டெரக் கூட அன்றைக்குச் சிரித்தான். “ஒரு செருப்பப் பொரிச்சு வெச்சாலும் நன்றி சொல்லிட்டுத் தின்னுடுவே நீ.”

இருபத்தாறு வருஷக் கல்யாணம். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். இங்கே புளிக்கக்கூட இல்லை, வெறுமனே ருசி போய்விட்டது. மறுபடி ஒட்டுமா என்று பார்க்கத்தான் இந்தப் பயணம். படகில் போனார்கள், மணிக்கூண்டில் ஏறினார்கள், சாக்லேட் வாங்கினார்கள். ஒட்டவில்லை. இன்று ஊர் திரும்பும் ரயிலில் சொல்லிவிடுவதாக இருந்தாள்: நான் ஷெஃபீல்டு வீட்டுக்கு வரவில்லை, அக்கா வீட்டுக்குப் போகிறேன். அதை நினைத்தால் அழுகையாவது வர வேண்டும். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி நெஞ்சு மரத்துக் கிடந்தது.

பதினொரு மணிக்குள் காலி செய்ய வேண்டும். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினால் போதும், தானே பூட்டிக்கொள்ளும் என்று வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் எழுதி ஒட்டியிருந்தார். லொரெய்ன் போர்வைகளை மடித்தாள். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். துப்புரவுக்கு வருகிறவள் தன்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிடக் கூடாதாம்.

பெட்டிகளைத் தெருவுக்குக் கொண்டுவந்ததும் டெரக் வழக்கம்போலத் தன் போனை அவளிடம் நீட்டினான்.

“கடைசியா ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன்.”

எந்த ஊரில் தங்கினாலும் இது உண்டு. என்றைக்கோ ஒரு விடுதியில் சார்ஜரை விட்டுவிட்டு வந்தவன், அன்றிலிருந்து ஒவ்வொரு இழுப்பறையையும் திறந்து பார்க்காமல் கிளம்புவதில்லை. லொரெய்ன் திறந்த கதவுக்கு வெளியே, கால்வாயிலிருந்து எழும்பிய பனிமூட்டத்தில் நின்றுகொண்டு, அவன் இடது முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறுவதையும், ஏழாவது பலகை முனகுவதையும், இழுப்பறைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடுவதையும், கடைசியாக அலமாரிக் கதவு கிறீச்சிடுவதையும், மனசை எங்கேயோ வைத்துக்கொண்டு கேட்டாள்.

அலமாரி மூடிய சத்தம் வரவில்லை.

ஒரு நிமிடம் போனது. எதிர்வீட்டு வாசலைக் கழுவிக்கொண்டிருந்த பெண் வாளியைக் கவிழ்த்தாள். தண்ணீர் கற்களுக்கிடையே ஓடியது.

அப்புறம் அவன் இறங்கி வந்தான். சரசரவென்று. கைப்பிடியைத் தொடாமல்.

ஏழாவது பலகை முனகவில்லை.

கதவை இழுத்துச் சாத்தினான். தாழ் விழுந்தது. அவளுடைய கனமான பெட்டியை அவள் கையிலிருந்து தானே எடுத்துக்கொண்டான். டெரக் அதை எடுத்ததே இல்லை.

“கை ஜில்லுனு இருக்கே கண்ணு,” என்றான்.

கண்ணு. எத்தனை வருஷம்!

அதே முகம். அதே நீலக் கோட்டு. முழங்கால் தைல வாடை மட்டும் இல்லை. அதற்குப் பதில் ரொம்ப நாள் திறக்காத அலமாரியின் ஈர மர வாடை.

மேலே தட்டுகிற சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம். கண்ணாடியில் உள்ளங்கை.

லொரெய்ன் நிமிர்ந்து பார்த்தாள்.

படுக்கையறை ஜன்னலில் டெரக் நின்றான். மூக்குக்கண்ணாடி கோணலாக இருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. உள்ளேயிருந்து கதவைத் திறக்கலாம், சாவிகூட மேசைமேல்தான் இருக்கிறது. ஆனால் அவன் இறங்கி வரவில்லை. ஜன்னலைவிட்டு நகரவே இல்லை.

கத்தலாம். எதிர்வீட்டுப் பெண் பத்தடியில் இருந்தாள். ‘மன்னிக்கணும், தொந்தரவு பண்றேன்’ என்று ஆரம்பித்தால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. அதற்கப்புறம் என்ன சொல்வது? என் கூட நிற்கிறவர் என் கணவர் இல்லை என்றா? எவ்வளவு பெரிய வம்பு அது.

பயந்தாள். பயம்கூட எங்கேயோ தூரத்தில், மரத்த சதைக்கு அடியில் இருந்தது.

“என்ன பாக்கறே?” என்று பக்கத்திலிருந்த குரல் கேட்டது. ரொம்ப அன்பாக. “எல்லாம் சரியாத்தானே இருக்கு?”

அவன் விரல்கள் அவள் விரல்களோடு கோத்துக்கொண்டன. முதலில் சூடும் இல்லை, குளிரும் இல்லை. பிறகு மெல்ல மெல்ல, அவள் கையில் எவ்வளவு சூடு இருந்ததோ அவ்வளவு சூடு அதற்கும் வந்தது.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள்.

நடந்தார்கள். பெட்டிச் சக்கரங்கள் கற்களில் தடதடத்தன. தெருமுனையில் ஒரே ஒரு தடவை திரும்பினாள். கடைசியாக ஒரு பார்வை.

டெரக் தட்டுவதை நிறுத்தியிருந்தான். அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாய்க்கு நேராகக் கண்ணாடியில் மூச்சு படிந்து ஒரு வெள்ளை வட்டம்.

அவன் தலைக்கு ஒரு முழம் மேலே, இன்னொரு வட்டம். விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.